நகையை அடகு வெச்சு ஆடிட் கோர்ஸ் சேரப் போறீங்களா? கையெழுத்து செல்லுமான்னு முதல்ல கேளுங்க!

திருப்பூர்:

மாசம் பிறந்தால் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். செப்டம்பர் வந்தால் டாக்ஸ் ஆடிட். மிச்ச நேரத்தில் பில் என்ட்ரி, பேங்க் ஸ்டேட்மென்ட் டேலி. பி.காம். முடித்துவிட்டு ஆடிட்டர் ஆபீசிலும் பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸ் செக்ஷனிலும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பொழப்பு இதுதான்.

5 வருஷம் ஆனாலும் சம்பளம் பெரிசா ஏறாது. "ஏதாவது ஒரு கோர்ஸ் முடிச்சா மேல போயிடலாம்" என்ற நினைப்பு அப்போதுதான் வரும். அந்த நேரம் பார்த்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கோச்சிங் சென்டர் போர்டும் கண்ணில் படும்.

என் அக்கா மகன் அப்படித்தான் மாட்டினான். இன்டர்நேஷனல் என்று ஆரம்பித்து டிப்ளமோ என்று முடியும் நீளமான பெயரில் ஒரு ஆடிட் கோர்ஸ். அக்காவின் செயினை அடகு வைத்து 65 ஆயிரம் கட்டினான். 6 மாதம் ஞாயிற்றுக்கிழமை கிளாஸ். தங்க ஓரம் போட்ட சர்டிபிகேட் கொடுத்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனான். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "இதை வெச்சு நீ ஆடிட் ரிப்போர்ட்ல கையெழுத்து போட முடியுமாப்பா?"

முடியாது. சம்பளம் 14 ஆயிரத்திலேயே நின்றது. செயினுக்கு வட்டி மட்டும் ஓடியது.

அந்த முதலாளி கேட்டதைத்தான் பணம் கட்டும் முன்பு எல்லோரும் கேட்க வேண்டும்.

யார் கையெழுத்து செல்லும்?

நம் நாட்டில் ஒரு கம்பெனியின் வருஷக் கணக்கை ஆடிட் செய்து கையெழுத்துப் போடும் உரிமை சி.ஏ. முடித்து பிராக்டீஸ் செய்பவருக்கு மட்டும்தான். வருமான வரிக்கான டாக்ஸ் ஆடிட்டும் அப்படியே. 1949-ல் வந்த சட்டப்படி அமைந்த இன்ஸ்டிடியூட்தான் இந்தப் பரீட்சையை நடத்துகிறது. 2019 முதல் சி.ஏ. கையெழுத்துப் போடும் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் 18 இலக்க நம்பர் ஒன்று உண்டு. கையெழுத்து நிஜமா போலியா என்று யார் வேண்டுமானாலும் அந்த நம்பரை வைத்து ஆன்லைனில் பார்த்துக்கொள்ளலாம்.

பிளஸ்-2 முடித்தவர்கள் பவுண்டேஷன் பரீட்சையில் ஆரம்பிக்க வேண்டும். பி.காம். படித்தவர்கள் 55 சதவீதம் எடுத்திருந்தால் பவுண்டேஷன் தேவையில்லை, நேராக இன்டர்மீடியட் எழுதலாம். காமர்ஸ் அல்லாத டிகிரிக்கு 60 சதவீதம். இது தெரியாமலேயே வருஷக்கணக்கில் ஆடிட்டர் ஆபீசில் பைல் தூக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்டரில் 2 குரூப், மொத்தம் 6 பேப்பர். ஒவ்வொரு பேப்பரிலும் 40 மார்க் வேண்டும், குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஒன்றில் 39 வந்தால் போச்சு, மற்றதில் 90 இருந்தாலும் அந்த குரூப் பெயில்தான். ஒரு பேப்பரில் 60 வாங்கிவிட்டால் மட்டும் அடுத்த 3 தடவை அந்தப் பேப்பரை எழுத வேண்டாம்.

2 குரூப்பும் பாஸான பிறகு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப். முன்பு 3 வருஷம் இருந்ததை 2023 ஜூலை முதல் 2 வருஷம் ஆக்கிவிட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இடிப்பது இந்த இடம்தான். அந்த 2 வருஷமும் வேறு வேலைக்குப் போக முடியாது. கிடைப்பது ஸ்டைபண்டு மட்டும். வீட்டில் இவன் சம்பளத்தை நம்பி 4 பேர் இருந்தால் என்ன செய்வது?

வேலை பார்த்துக்கொண்டே படிக்க...

அப்படிப்பட்டவர்களுக்கு சி.எம்.ஏ. இருக்கிறது. நம் ஊரில் பெரியவர்கள் இன்னும் ஐ.சி.டபிள்யூ.ஏ. என்றுதான் சொல்வார்கள், அதே பரீட்சைதான். எந்த டிகிரி என்றாலும் நேராக இன்டர் எழுதலாம், சதவீதம் பார்ப்பதில்லை. ஜூன், டிசம்பர் என்று வருஷத்துக்கு 2 தடவை பரீட்சை. தகுதியான கம்பெனியில் கணக்கு வேலை பார்ப்பதையே பயிற்சியாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் சம்பளம் நிற்காது.

கையெழுத்து? உண்டு, ஆனால் காஸ்ட் ஆடிட்டில்தான். பெரிய கம்பெனிகளில் பொருள் தயாரிக்க ஆகும் செலவுக் கணக்கை சோதிப்பது அது. டெக்ஸ்டைலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் வருமானத்தில் 75 சதவீதத்துக்கு மேல் ஏற்றுமதியில் வந்தால் அந்தக் கம்பெனிக்கு விலக்கு. ஆகவே திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியை மட்டும் நம்பி இதில் இறங்காமல், கோவை பக்கம் மில், பேக்டரி வேலைகளையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு பெரிய குழப்பம் உண்டு. அமெரிக்காவிலும் சி.எம்.ஏ. என்றே ஒரு பரீட்சை இருக்கிறது. அது 2 பேப்பர்தான், சீக்கிரம் முடியும். வெளிநாட்டு கம்பெனிகளின் கிளைகளிலும் வளைகுடா வேலைக்கும் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அதை வைத்து இங்கே காஸ்ட் ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது. நோட்டீசில் சி.எம்.ஏ. என்று பார்த்தால் "இந்தியாவா, அமெரிக்காவா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

லண்டன் ஏ.சி.சி.ஏ.வும் இதே கதைதான். சென்னை, பெங்களூருவில் வெளிநாட்டுக் கணக்கு பார்க்கும் கம்பெனிகளில் எடுபடும். பீஸ் பவுண்டு கணக்கில் என்பதால் பவுண்டு ஏறினால் நம் செலவும் ஏறும். உள்ளூர் ஆடிட்டர் ஆபீசிலேயே இருக்கப் போகிறவருக்கு இது வீண் செலவு என்பது என் எண்ணம்.

ஏற்கனவே உள்ளே இருப்பவர்களுக்கு

கம்பெனியில் இன்டர்னல் ஆடிட் பார்க்கிறவர்களுக்கு சி.ஐ.ஏ. என்று ஒன்று உண்டு. உளவுத்துறை என்று பயந்துவிட வேண்டாம்! 3 பாகம். டிகிரி முடித்தவர் சர்டிபிகேட் வாங்க 2 வருஷ அனுபவம் காட்ட வேண்டும்.

கம்ப்யூட்டர் சிஸ்டத்தை ஆடிட் செய்ய சிசா பரீட்சை. 4 மணி நேரத்தில் 150 கேள்வி, 800-க்கு 450 எடுத்தால் பாஸ். ஆனால் பாஸானதும் சர்டிபிகேட் வராது. 5 வருஷ அனுபவம் கேட்பார்கள், படிப்பைப் பொறுத்து கொஞ்சம் தள்ளுபடி உண்டு. "3 மாதத்தில் சிசா ஆகலாம்" என்ற விளம்பரங்கள் இந்த அனுபவக் கணக்கைச் சொல்வதே இல்லை.

பேங்க் ஊழியர்களுக்கு ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. இருக்கிறது. பாஸானால் இன்கிரிமெண்ட். வெளியாள் எழுத முடியாது.

கையில் காசே இல்லை, சொந்தமாகத் தொழில் செய்யணும் என்றால் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர் ஆகலாம். பி.காம். போதும். ஜி.எஸ்.டி. போர்ட்டலில் பதிந்து அதற்கான பரீட்சையில் பாஸாக வேண்டும். ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தே குடும்பம் நடத்துகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

இதில் எதையும் தமிழில் எழுத முடியாது என்பதும் குறிப்பிடத்தக்கது. தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு பாடத்தைவிட கேள்வியைப் புரிந்துகொள்வதே முதல் மலை. கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன்பு இன்ஸ்டிடியூட் வெப்சைட்டில் பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள், காசு செலவில்லை. சி.ஏ. இன்ஸ்டிடியூட்டுக்கு திருப்பூர், ஈரோடு, கோவை, சேலத்தில் கிளை இருக்கிறது. நேரில் போய்க் கேட்கலாம்.

அக்கா மகனுக்கு பி.காம்.மில் 53 சதவீதம்தான். 2 சதவீதத்தில் சி.ஏ. நேர்வழி அடைபட்டது. "பவுண்டேஷன்ல இருந்து வர்றதுக்குள்ள வயசாயிடும் மாமா" என்று சொல்லிவிட்டு இந்திய சி.எம்.ஏ. இன்டருக்குப் பதிந்திருக்கிறான். காலை 5 மணி முதல் 7 மணி வரை மொட்டை மாடியில் படிப்பு, 9 மணிக்கு கம்பெனி. டிசம்பரில் முதல் குரூப் எழுதுகிறான். செயினை இன்னும் மீட்கவில்லை.