பேச்சு எட்டும் தூரம்

ஏசியின் இரைச்சல் சிறிது நேரத்தில் காதுக்குப் பழகிவிடும். பக்கத்து இருக்கைக்காரர் போனில் தணிந்த குரலில் பேசினாலோ, எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றுவிடும். ஏன்?

1976இல் கோல், வெல்ஷ் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, பின்னணியில் ஜெர்மன் பேச்சை ஒலிக்கவிட்டார்கள். கேட்டவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனாலும் தவறுகள் கூடின. நினைவில் நிறுத்த வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பது நம் வழக்கம். ஏறி இறங்கி மாறிக்கொண்டே இருக்கும் பேச்சொலி அந்த உள்குரலோடு மோதுகிறது. சீரான இரைச்சலில் அந்த ஏற்ற இறக்கம் இல்லாததால் பாதிப்பு குறைவு. படிக்கும்போதும் எழுதும்போதும் பேச்சின் பொருளும் சேர்ந்து கவனத்தை இழுக்கும்.

சுவரை எடுத்துவிட்டால் ஊழியர்கள் கலந்து பேசுவார்கள் என்பது திறந்தவெளி அலுவலகத்தின் ஆதரவாளர்கள் வாதம். ஹார்வர்டைச் சேர்ந்த பெர்ன்ஸ்டைனும் டர்பனும் இரண்டு பெரிய நிறுவனங்களில் இதை உணர்கருவிகள் கொண்டு அளந்து 2018இல் வெளியிட்டார்கள். தடுப்புகள் போன பிறகு நேர்ப்பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் பெருகியது.

அதற்காகத் தடுப்பு வைத்தால் மட்டும் போதாது. ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் 1968இல் கொண்டுவந்த நகர்த்தும் தடுப்புகள்தான் கியூபிக்கிளின் முன்னோடி. அவற்றை 120 பாகையில் விரித்து வைப்பதே அவர் எண்ணம். நிறுவனங்கள் இடத்தை மிச்சம்பிடிக்கச் சதுரப் பெட்டிகளாக நெருக்கிவிட்டன. நிற்பவரின் தோள் உயரத் தடுப்பு, உட்கார்ந்திருப்பவரின் முகத்தை மறைக்கும். கடினமான கூரையில் பட்டுத் திரும்பும் குரலை மறைக்காது.

எனவே ஒலியை உறிஞ்சும் கூரைதான் முதல் தேவை. போன் பேசத் தனி அறை, நாள் முழுக்கப் பேசும் விற்பனைப் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் இடையே இடைவெளி ஆகியவை அடுத்து வரும். ஐஎஸ்ஓ 3382-3 என்ற தரநிலை, பேச்சின் தெளிவு கவனத்தைக் கலைக்காத அளவுக்குக் குறையும் தூரத்தை அளக்கிறது. அது 5 மீட்டருக்குள் இருந்தால் நல்ல அலுவலகம், 10 மீட்டரைத் தாண்டினால் மோசம்.

கருவி இல்லாமலும் தோராயமாகப் பார்க்கலாம். ஒருவரை இருக்கையில் அமர்ந்து இயல்பான குரலில் செய்தித்தாள் படிக்கச் சொல்லுங்கள். சொற்கள் பிடிபடாத இடம் வரை நடந்து பாருங்கள். அந்த வட்டத்துக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ, அத்தனை பேர் வேலையையும் அந்த ஒரு குரல் தொடுகிறது.