டிக்கியில் கிடக்க ஒரு யுகுலேலே

காரிலேயே கிடக்கட்டும் என்று ஒரு வாத்தியம் வாங்குவதானால் யுகுலேலேதான் தோது. இரண்டடி நீளம்கூட இல்லை, நாலே தந்தி, எடை அரைக் கிலோவை ஒட்டித்தான். ரயில்வே கேட் திறக்கும்வரையோ, டியூஷன் முடிந்து பிள்ளை வெளியே வரும்வரையோ எடுத்து வாசித்துக்கொண்டிருக்கலாம். கடையில் கேட்டால் இரண்டாயிரம் ரூபாய்க்கும் காட்டுவார்கள், முப்பதாயிரத்துக்கும் காட்டுவார்கள். கொஞ்சம் கூடப் போட்டாலும் பரவாயில்லை, நல்ல மரத்தில் வாங்கு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். வீட்டுக்கு வாங்கும்போது அது சரியான யோசனை. காருக்கு வாங்கும்போது அப்படியே தலைகீழ்.

மூடிய கார் எவ்வளவு சூடாகும் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. 2018-ல் அரிசோனாவின் டெம்பி நகரில் கோடை நாட்களில் அளந்தபோது, ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களுக்குள் காற்று சராசரியாக 47 டிகிரி, இருக்கை 51, டாஷ்போர்டு 69. இவை காருக்குள் விட்டுப்போகும் குழந்தைகளின் உயிரை நினைத்துச் செய்த ஆய்வுகள். வாத்தியத்துக்கு நாம் அந்தக் கணக்கைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். காற்றைவிட டாஷ்போர்டு 22 டிகிரி அதிகம் என்பதைக் கவனியுங்கள். வெயில் நேரே விழும் இடம் வேறு, விழாத இடம் வேறு.

ஆனால் மரத்தை வாட்டுவது சூட்டைவிட வறட்சிதான். சென்னையில் ஒரு காலைப் பொழுது 32 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று காருக்குள் 52 டிகிரிக்கு ஏறுகிறது. உள்ளே இருக்கும் நீராவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் அந்தச் சூட்டில் காற்று ஏறக்குறைய மூன்று மடங்கு நீராவியை ஏற்கும். ஆகவே ஈரப்பதம் சுமார் 23 சதவீதத்துக்கு விழுந்துவிடுகிறது. பகலெல்லாம் பாலைவனக் காற்று, ராத்திரி திரும்பவும் கடற்காற்று. மரம் தினமும் இந்த இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

மரத்தின் உள்ளே பார்த்தால், வைக்கோலைக் கட்டி வைத்ததுபோல நுண்குழல்கள் ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கியிருக்கும். காய்ந்தால் குழல்கள் மெலியும், நீளம் மட்டும் மாறாது. அதனால் பலகை நீளவாக்கில் அப்படியே இருக்க, அகலவாக்கில் சுருங்குகிறது. யுகுலேலேயின் மேல்பலகை இரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான். அகலம் பதினாறு சென்டிமீட்டர் இருக்கும். நன்றாகக் காய்ந்தால் அந்த அகலத்தில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை குறையலாம். ஓரம் முழுக்கப் பக்கப்பலகையோடு ஒட்டியிருப்பதால் அது சுருங்கவும் வழியில்லை. கடைசியில் மரத்தின் ரேகையோடு வெடிக்கும்.

அதற்கு முன்பே ஓர் அடையாளம் தெரியும். கழுத்தின் ஓரத்தில் கட்டைவிரலை மேலும் கீழும் தடவிப் பாருங்கள். புதிதாக வாங்கியபோது வழவழவென்று இருந்த இடத்தில், உலோக மெட்டுகளின் முனைகள் ரம்பப்பல் மாதிரி நெருடும். மெட்டு வளரவில்லை, அது பதிந்திருக்கும் பலகை அகலத்தில் சுருங்கியிருக்கிறது.

ஒட்டுப்பசைக்கு வேறு சிக்கல். தந்திகளைத் தாங்கும் குதிரை, மேல்பலகையில் பசையால் மட்டுமே நிற்கிறது. தந்திகள் அதை ராப்பகலாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. மரவேலைக்குப் பயன்படும் வெள்ளை, மஞ்சள் பசைகள் 60 டிகிரிக்கு மேல் போகும்போது வலுவிழக்கத் தொடங்கும். மெல்லிய தாளின் முனையைக் குதிரையின் பின்விளிம்புக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். தாள் உள்ளே போனால் குதிரை கிளம்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த விஷயத்தில் நம் வீணை இன்னும் நொய்மையானது. அதன் 24 மெட்டுகளும் கரிப்பொடி கலந்த தேன்மெழுகில் பதித்தவை. தேன்மெழுகு 62 டிகிரியைத் தாண்டினாலே உருகிவிடும், இளகுவதற்கு அதைவிடக் குறைந்த சூடே போதும். கச்சேரிக்காரர்கள் வீணையைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாததற்குக் காரணம் திருட்டுப் பயம் மட்டுமல்ல.

விலையின் தலைகீழ் இங்கேதான். உயர்ந்த விலைக்கு விற்பவை ஒரே பலகையை இழைத்துச் செய்தவை. ஹவாய்த் தீவின் கோவா மரம் என்றால் இன்னும் மதிப்பு. மலிவானவை பெரும்பாலும் ஒட்டுப்பலகை. மூன்று மெல்லிய ஏடுகளை ரேகை குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பார்கள். ஓர் ஏடு சுருங்கப் பார்க்கும் திசையில் அடுத்த ஏடு நீளவாக்கில் கிடந்து பிடித்துக்கொள்ளும். நாதம் கொஞ்சம் மட்டுத்தான், வெடிப்பு அபூர்வம். மரம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் காருக்கு ஒட்டுப்பலகை வாங்கலாம். என் ஓட்டு பிளாஸ்டிக்குக்கு.

பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிப்பவர்கள் மாரியோ மக்கஃபெரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1900-ல் இத்தாலியில் பிறந்தவர், கிட்டார் வித்துவான், வாத்தியம் செய்பவரும்கூட. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் கையில் புகழ்பெற்ற செல்மர் கிட்டாரின் மூல வடிவம் இவருடையது. அமெரிக்கா போனபின் பிளாஸ்டிக்கில் துணிக்கிளிப் செய்து விற்றவர், 1949-ல் ‘ஐலண்டர்’ என்ற யுகுலேலேயை பாலிஸ்டைரீனில் வார்த்து 5.95 டாலருக்குக் கொண்டுவந்தார். ஆர்தர் காட்ஃப்ரே தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதைப் பாராட்ட, பிய்த்துக்கொண்டு போனது. அது மலிவு, ஆனால் பொம்மையல்ல. மெட்டுகளும் கழுத்தோடு சேர்ந்தே அச்சில் வந்ததால் எந்த வாத்தியத்தை எடுத்தாலும் மெட்டுகள் ஒரே இடத்தில் இருந்தன. கையால் மெட்டு பதித்த அந்நாளைய மலிவு மர யுகுலேலேக்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

கிட்டாரிலும் பிளாஸ்டிக்கை முயன்று பார்த்தார் மக்கஃபெரி. அது எடுபடவில்லை. எஃகுத் தந்தி கிட்டாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து 70 கிலோ அளவுக்கு இழுக்கும். யுகுலேலேயில் அது 15 முதல் 20 கிலோதான். பிளாஸ்டிக்கின் குணம் அப்படி: தொடர்ந்து பாரம் இருந்தால் மெல்ல மெல்ல வளையும், சூடு சேர்ந்தால் சீக்கிரம் வளையும். யுகுலேலேயின் சின்ன உடம்பும் தளர்ந்த தந்திகளும்தான் அதைக் காப்பாற்றுகின்றன.

எந்த பிளாஸ்டிக் என்பதும் முக்கியம். பாலிஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டி முழுதாக இளகும், அதற்கு வெகு முன்பே துவளத் தொடங்கும். வெயில் பட்டால் மஞ்சளித்து நொறுங்கும். பழைய ஐலண்டர் கிடைத்தால் வீட்டு அலமாரியில் வையுங்கள். ஏபிஎஸ் சுமார் 105 டிகிரியில்தான் இளகும், அவ்வளவு எளிதில் நொறுங்காது. 50 டாலரை ஒட்டிய விலையில் வரும் காலா நிறுவனத்தின் ‘வாட்டர்மேன்’ இந்த ரகம். பாலிகார்பனேட் இளக 147 டிகிரி வேண்டும். ஓரிகனில் செய்யும் ‘அவுட்டோர் யுகுலேலே’ இதில் ஆனது, விலையும் அதற்கேற்ப ஏறும். சீன நிறுவனமான என்யாவின் ‘நோவா யு’ பாலிகார்பனேட்டில் கார்பன் இழையைக் கலந்து வார்த்தது. முழுக்கக் கார்பன் இழையில் செய்ததும் உண்டு. வெப்பத்தில் அது நீளுவதே இல்லை எனலாம், ஆனால் அவ்வளவு விலை கொடுத்த பொருளைக் காரில் போட்டுவைத்து நிம்மதியாகத் தூங்க முடியாது.

நாதத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம். மேல்பலகை லேசாகவும் இருக்க வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும். ஸ்ப்ரூஸ் மரத்தில் ரேகையோடு ஒலி நொடிக்கு 5,000 மீட்டருக்கு மேல் ஓடும். பாலிகார்பனேட்டில் சுமார் 1,400 மீட்டர்தான். அதே தடிமனில் பிளாஸ்டிக் பல மடங்கு கனம், விறைப்பும் குறைவு, போதாததற்கு அதிர்வைத் தானே விழுங்கிக்கொள்ளும். ஒலி அடக்கமாக, சீக்கிரம் ஓய்ந்துவிடும். ரயில்வே கேட்டில் பின்னால் நிற்கும் லாரியின் ஹார்னுக்கு நடுவே இது பெரிய குறையாக எனக்குத் தோன்றவில்லை.

தந்தியிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நைலான் ஈரத்தை உறிஞ்சும். காலையும் மாலையும் சுருதி ஏறி இறங்கும். ஃப்ளூரோகார்பன் தந்தி ஈரத்தைத் தொடாது. தூண்டில்காரர்கள் பயன்படுத்தும் இழைக்கு உறவு அது. உலோகக் கம்பி சுற்றிய தந்தியை பிளாஸ்டிக் மெட்டுகளில் போடக் கூடாது, அரம்போல் தேய்த்துவிடும். காருக்குள்ளிருந்து எடுத்த சூட்டோடு சுருதி சேர்ப்பதும் வீண்வேலை. 25 டிகிரி சூடேறினால் பாலிகார்பனேட் வாத்தியத்தின் தந்தி நீளம் அரை மில்லிமீட்டருக்கு மேல் கூடியிருக்கும், தந்தியும் தன் பங்குக்கு மாறியிருக்கும். கழுத்து முழுக்க ஒரே விகிதத்தில் நீளுவதால் மெட்டுகளின் கணக்கு மட்டும் கெடாது. நிழலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் சேர்த்தால் நிற்கும்.

வைக்க நல்ல இடம் டிக்கி, அல்லது முன்சீட்டுக்கு அடியில் துணிப்பையோடு. பிளாஸ்டிக்குக்கு வெயிலைவிட மோசமான விரோதி ஒன்று உண்டு: டீட் கலந்த கொசு விரட்டி. பூசிய கையோடு தொட்டால் மேற்பரப்பு பிசுபிசுத்து விரல்ரேகை பதிந்துவிடும். பெட்ரோல், தின்னர் பட்டாலும் பாலிகார்பனேட்டில் மெல்லிய விரிசல்கள் ஓடும்.

கடையில் பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை. பன்னிரண்டாவது மெட்டுக்கு நேர் மேலே தந்தியை விரலால் லேசாகத் தொட்டு மீட்டுங்கள், பிறகு அதே மெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரமாகக் கேட்க வேண்டும். நாலு தந்தியிலும் பாருங்கள். கேட்கவில்லையென்றால் அதே மாடலில் வேறொன்றைக் கேட்டுப் பயனில்லை, எல்லாம் ஒரே அச்சில் வந்தவை. வேறு மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.