வயல் எலியும் அதன் பகைவர்களும்

நெற்பயிர் பொதிப் பருவத்தை அடைந்ததும், காவேரிப் பாசனப் பிரதேசத்துக் குடியானவர்கள் விடியற்காலையில் வயலுக்குச் சென்று, தண்ணீரில் மிதக்கும் பச்சைத் தூர்களைக் கண்டு மனம் வருந்துவதுண்டு. அவை இரவில் எலி வெட்டியவை. தூரின் அடியைச் சாய்வாகக் கடித்துத் துண்டிப்பது அதன் இயல்பு. தின்பது கொஞ்சமே, வெட்டி வீழ்த்துவது அதிகம்.

வயல் எலி என்று பொதுப்படக் கூறப்படுபவை யாவும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவையல்ல. வயிறு வெளுத்து, வால் நுனியில் மயிர்க்குஞ்சத்துடன் புன்செய் நிலங்களில் வசிப்பது வெள்ளெலி. புல் எலியும் வயற்சுண்டெலியும் உருவிற் சிறியவை. நன்செய்க்குப் பெருந்தீங்கு இழைப்பது கரம்பை எலியே. இது கரும்பழுப்பு நிறமும் அகன்ற முகமும் உடையது. சினங்கொண்டால் மயிரைச் சிலிர்த்து உறுமும். நீரில் நன்றாக நீந்தும். வளையில் பெரும்பாலும் தனித்தே வசிக்கும். உள்ளே புகுந்ததும் வாயிலைப் புதுமண்ணால் அடைத்துக்கொள்ளும். ஆகையால், ஈரம் உலராத மண்குவியல் காணப்படும் வளையில் எலி இருக்கிறதென்று கொள்ளலாம். கதிர் முற்றியபின் அவற்றைக் கொய்து வளையின் அறைகளிற் சேமித்து வைக்கும். அறுவடைக்குப்பின் ஏழை மக்கள் வளைகளைத் தோண்டி அந்நெல்லை எடுத்துச் செல்வது நெடுநாளைய வழக்கம். இதன் சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரமே. ஒரே ஈற்றில் பல குட்டிகள் பிறக்கின்றன. விளைச்சல் உள்ள காலத்தில் இவை எவ்வளவு விரைவிற் பெருகும் என்பதை இதனால் ஊகிக்கலாம்.

இவ்வெலிகளைத் தின்று குறைக்கும் காட்டுப் பிராணிகளும் வயற்புறங்களில் உண்டு. கீரி பகலில் வேட்டையாடும். காட்டுப்பூனையும் நரியும் பெரும்பாலும் அந்திக்குமேல் வெளிப்படும். நரியின்மேல் சுமத்தப்படும் பழி அதிகம். அது கோழி தூக்குவதும், வேர்க்கடலையைத் தோண்டித் தின்பதும் மெய்யே. ஆயினும் எலி அதன் முக்கிய உணவுகளுள் ஒன்று. வரப்பைத் துளைத்துத் தண்ணீரை வடியவிடும் நண்டையும் அது விடுவதில்லை. ஆண்டு முழுவதும் எலி பிடிக்கும் வேலையாளுக்கு இரண்டொரு கோழி கூலியாகப் போயிற்றென்று எண்ணினால் கணக்கு நஷ்டமாகாது. இம்மூன்று பிராணிகளையும் கொல்வது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். படுகைப் புதர்களை வெட்டிவிட்டால் இவை தாமாகவே ஊரைவிட்டு அகன்றுவிடும்.

நஞ்சு வைப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். துத்தநாக பாஸ்பைடு கலந்த தீனியைச் சிறிது தின்று பிழைத்த எலி, மறுபடி அதைத் தொடாது. ஆதலால் முதல் இரண்டு மூன்று நாட்கள் நஞ்சில்லாத பொரியை வைத்துப் பழக்கிய பின்னரே நஞ்சிட வேண்டும். செத்த எலிகளை உடனே புதைத்துவிடுக. இல்லாவிடில் நாயும் பூனையும் அவற்றைத் தின்று மாளும். மூங்கில் வில்லாலாகிய தஞ்சாவூர்க் கிட்டியை மாலையில் வரப்போரம் வைத்தால் இத்தொல்லை இல்லை.

வரப்பு அகன்று உயர்ந்திருந்தால் எலிக்கு வளை தோண்ட வசதி அதிகம். கோடையில் வரப்புகளைக் குறுக்கி வெட்டி, வளைகளைத் தோண்டி அழிப்பது நலம். இதனை ஒரு மடையைச் சேர்ந்த குடியானவர்கள் அனைவரும் ஒரே வாரத்திற் செய்தல் வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால், அடுத்த வயல் எலி சில நாட்களில் அங்கே குடியேறிவிடும்.