கேரவனுக்கு விலை பேசினோம்

எங்கள் அம்மாவுக்கு வயது எண்பத்து இரண்டு. கரமனையிலிருந்து ஆற்றுகால் கோயிலுக்குப் போய்வருவதே அவருக்கு இப்போது நெடும்பயணம். முழங்கால் வலி ஒரு காரணம். அவர் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணம், வழியில் கழிப்பறை கிடைக்காதே என்னும் அச்சம். திருச்செந்தூருக்குப் புறப்படுவதென்றால் முதல் நாள் மாலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். கடைசியாகப் போனபோது நாகர்கோவிலைத் தாண்டியதும் காரிலேயே மயங்கிச் சாய்ந்தார். அன்று வண்டியைத் திருப்பியவர்கள் அதன்பின் அவரை எங்கும் அழைத்துச் செல்லவில்லை.

படுக்கையும் கழிப்பறையும் உள்ள வண்டி ஒன்றை வாங்கினால் என்ன என்ற எண்ணம் அப்படித்தான் பிறந்தது. கேரவன் என்றால் நம்மவர்க்குத் திரைப்பட நடிகர்கள்தாம் நினைவுக்கு வருவர். கேரளச் சுற்றுலாத் துறை 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தபின் அச்சொல் திருவனந்தபுரத்தில் சற்றுப் பழகியிருக்கிறது. புதிய வண்டி எங்களுக்கு எட்டாது. நாங்கள் இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கையில் இருந்தது முதிர்வடையவிருந்த ஒரு வைப்புத்தொகை. ஆகவே 2025 ஜூன் மாதத்தில், கழக்கூட்டம் – கோவளம் புறவழிச்சாலையோரம் பழைய வண்டிகள் விற்கும் யார்டு ஒன்றுக்குப் போனோம். அம்மாவும் உடன் வந்தார். சாலைக் கடைத்தெருவில் ஒரு முறம் வாங்கவும் மூன்று கடை ஏறி இறங்குபவர் அவர். விலை பேசும் இடத்தில் அவரை விட்டுவிட்டுப் போக எங்களுக்குத் துணிவில்லை.

அங்கே இரண்டு கேரவன்கள் நின்றன. முதல் வண்டியைக் கண்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, நீலத் திரைச்சீலை, பளபளக்கும் கழிப்பறை எல்லாம் இருந்தன. விலை ஒன்பதரை இலட்சம். பதிவுச் சான்றைக் கேட்டோம். மேலாளரான இளைஞர் வண்டியின் சிறப்புகளை இன்னொரு முறை சொன்னார். மறுபடியும் கேட்டபின் வந்த சான்றில், அந்த வண்டி இன்னும் பன்னிரண்டு இருக்கைகள் கொண்ட பயணிகள் வேனாகவே இருந்தது. இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் கழிப்பறையும் பொருத்தியவர் அந்த மாற்றத்தைப் பதிவு செய்யவேயில்லை.

இதைச் சிறு குறையாக நினைத்துவிடலாகாது. தயாரித்த நிறுவனம் வகுத்த அமைப்புக்கு மாறாக உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அது கேரளத்திலிருந்து சென்ற வழக்கே. 2021 ஆகஸ்டில் கண்ணூரில், பயணக் காணொளிகளால் புகழ்பெற்ற ஒரு வேன் கேரவனை மோட்டார் வாகனத் துறை பிடித்துவைத்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. மோட்டார் கேரவன் என்பது பதிவில் தனியான வாகன வகை. அந்தச் சொல் சான்றில் இல்லையென்றால், விபத்து நேர்ந்த நாளில் காப்பீட்டு நிறுவனமும் கேள்வி கேட்கும். “எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று நாங்கள் கேட்கவேயில்லை. அம்மாவுக்கு மனத்தாங்கல்தான். நீலத் திரைச்சீலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

இரண்டாவது வண்டி பார்வைக்கு எளியது. 2017 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் பதிவான ஃபோர்ஸ் டிராவலர். சான்றில் மோட்டார் கேரவன் என்றே இருந்தது. கேட்ட விலை 14,75,000 ரூபாய். “சாரே, இது லாஸ்ட் ப்ரைஸ் ஆணு” என்றார் மேலாளர். நாங்கள் ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினோம்.

இடவப்பாதி மழை கொட்டிய ஒரு நாளாகப் பார்த்து மறுபடி போனோம். கேரவன் வாங்குவோர் வெயில் நாளில் போகவே கூடாது என்பது எங்கள் கருத்து. கூரையில் குளிர்சாதனப் பெட்டிக்காகவும் காற்றுப்போக்கிக்காகவும் துளையிட்ட இடங்களில்தான் நீர் கசியும். படுக்கைக்கு மேலே கையளவு ஈரம் தெரிந்தது. கழிப்பறைக்கு வெளியே தரைப்பலகையைக் காலால் அழுத்திப் பார்த்தோம். நல்லவேளையாக உறுதியாக இருந்தது. கடற்காற்று படும் ஊராகையால் அடிச்சட்டத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் படுத்துப் பார்த்தார். டயர்கள் புதியவை போலவே இருந்தன. ஆனால் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் 2318 என்றன. அதாவது 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தவை. கேரவன் அதிகம் ஓடுவதில்லை, நின்றே கிழடாகிறது. ஓடிய தூரம் குறைவு என்பது இங்கே பெரிய சிறப்பன்று. உள்ளே மின்சாரம் தரும் பேட்டரி ஒரு மணி நேரம்கூட விளக்கைத் தாங்கவில்லை.

அன்றிரவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினோம். டயர், பேட்டரி, கூரை ஆகியவற்றுக்குக் கடைகளில் கேட்ட விலை ஒரு பக்கம். தமிழ்நாட்டு வண்டியைக் கேரளத்தில் நிலையாக வைத்திருந்தால் பன்னிரண்டு மாதங்களுக்குள் இங்கே மறுபதிவு செய்து வரி கட்டியாக வேண்டும். வரியைக் குறைக்கப் புதுச்சேரியில் பதிவு செய்த சொகுசுக் கார்கள் பற்றிக் கேரளத்தில் 2017-இல் எழுந்த சர்ச்சை பலருக்கும் நினைவிருக்கும். வரித்தொகையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்து அதையும் தாளில் சேர்த்தோம். வண்டி எண்ணைப் பரிவாகன் தளத்தில் இட்டுப் பார்த்தபோது, நிதி நிறுவனம் ஒன்றின் கடன் உரிமை இன்னும் நீக்கப்படாதிருந்தது.

மூன்றாம் முறை போனபோதுதான் விலை பேச்சே தொடங்கியது. எங்கள் தாளில் முதலில் சொல்ல வேண்டிய தொகை 11,90,000 என்றும், எழுந்துவிட வேண்டிய தொகை 13,00,000 என்றும் குறித்திருந்தோம். மேலாளர் விலையைப் பற்றிப் பேசாமல், “மாசம் பதினேழாயிரத்துச் சில்லறை கட்டினால் போதும்” என்று ஆரம்பித்தார். இனிமையாகத்தான் இருந்தது. 10 இலட்சம் கடனுக்கு 12 விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுத் தவணை மாதம் 17,653 ரூபாய். அதே கடனை ஐந்து ஆண்டுகளில் அடைத்தால் மாதம் 22,244. ஏழாண்டில் கட்டுவது மொத்தம் 14,82,852, ஐந்தாண்டில் 13,34,640. மாதத் தவணை குறைகிறதே என்று மகிழ்ந்தால் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கூடுதலாகப் போகும். மேலும் தனியார் வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குத்தான். இந்த வண்டிக்கு அது 2032 ஆகஸ்டில் முடியும். கடைசித் தவணையும் பதிவும் ஏறக்குறைய ஒன்றாக முடிகிற கணக்கு அது! தவணையை எங்கள் வங்கிக் கிளையில் பேசிக்கொள்கிறோம், நீங்கள் விலையை மட்டும் சொல்லுங்கள் என்றோம்.

கிளை அலுவலர் முன்பே ஒன்று சொல்லியிருந்தார். விற்பவர் கேட்கும் தொகைக்குக் கடன் கிடைப்பதில்லை. மதிப்பீட்டாளர் எழுதும் மதிப்பைக் கொண்டே கடன் கணக்கிடப்படும். தொலைக்காட்சிக்கும் திரைச்சீலைக்கும் மதிப்பீட்டாளர் ஏதும் தருவதில்லை. அந்த மதிப்பீட்டு அறிக்கையை மேசைமேல் வைத்தோம். மேலாளர் அதை இருமுறை படித்துவிட்டுத் தேநீர் வரவழைத்தார்.

விலை 12,80,000-க்கு இறங்கியது. கூரையை அவர்களே செப்பனிட்டுத் தர வேண்டும் என்றும் ஆயிற்று. அப்போதுதான் விலைக்கு மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்றார். அது 2,30,400 ரூபாய்! பழைய வண்டி வணிகர் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டின் மீதே வரி கட்டினால் போதும். 11,30,000-க்கு வாங்கியிருந்தால் வரி 27,000தான். “எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வரி உட்பட 12,80,000, அவ்வளவுதான்” என்றோம். நெடுநேரம் அமைதி. “அம்மே, நீங்களாவது சொல்லக்கூடாதா?” என்று அவர் அம்மாவிடம் முறையிட்டார். “அவங்க வாத்தியாருங்க, தம்பி. கணக்கில விட மாட்டாங்க” என்றார் அம்மா. இளைஞர் சிரித்துவிட்டார்.

காப்பீட்டில் ஐம்பது விழுக்காட்டுச் சலுகை இருக்கிறதென்று அவர் சொன்னதையும் நாங்கள் கணக்கில் கொள்ளவில்லை. விபத்துக் கோரிக்கை இல்லாததற்காகக் கிடைக்கும் அச்சலுகை பழைய உரிமையாளருக்கு உரியது, வண்டியோடு வராது. உரிமை மாறிய பதினான்கு நாட்களுக்குள் காப்பீட்டைப் பெயர் மாற்ற விண்ணப்பிப்பதுதான் எங்கள் வேலை.

முன்பணமாக 10,000 ரூபாயை வங்கி வழியாகவே அனுப்பினோம். கடன் நீக்கச் சான்று கிடைக்காவிட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்கினோம். யார்டின் அங்கீகாரச் சான்றையும் பார்த்துக்கொண்டோம். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வணிகர்கள் பதிவு அதிகாரியிடம் அதைப் பெற்றிருக்க வேண்டும். மொத்த விலையில் 75,000 ரூபாயை, நிதி நிறுவனத்தின் கடிதமும் தமிழ்நாட்டின் தடையில்லாச் சான்றும் வந்து, எங்கள் பெயரில் கேரளப் பதிவு கிடைத்தபின் தருவதாக ஒப்பந்தம். இந்த ஒரு நிபந்தனைக்குத்தான் அவர் மிகவும் முரண்டு பிடித்தார். இரண்டு நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்து ஒப்புக்கொண்டார். அந்த இரண்டு நாளும் அம்மா, “அந்த நீலத் திரைச்சீலை வண்டி இன்னும் நிக்குதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் நடுவில் கே.எல். 01 எண் கிடைத்தது. அன்றே மீதித் தொகையை அனுப்பினோம். புரட்டாசி முதல் வாரத்தில் விடியுமுன் திருச்செந்தூருக்குப் புறப்பட்டோம். களியக்காவிளையைத் தாண்டியதும் அம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.