லைசென்ஸ் புத்தகத்தோடு வந்த ரேடியோ

அம்பத்தூர் எஸ்டேட்டில் 31 வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் பழைய வால்வு ரேடியோ சேர்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு மொட்டை மாடி அறையில் நாலைந்து பேர் கூடுவோம். ஆவடியிலிருந்து வருபவர் நாணயம் சேர்ப்பவர். பூந்தமல்லிக்காரருக்குப் பூட்டுகள் என்றால் உயிர். திண்டுக்கல் பூட்டு, அலிகார் பூட்டு என்று ஒரு பீரோவே நிரம்பியிருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் கூடினால் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி ஒன்று உண்டு: இதுவரை வாங்கியதில் எதற்கு அதிகமாகக் காசு கொடுத்தீர்கள்?

ரேடியோ நண்பர் ஒரு மர்ஃபி பெட்டியைக் காட்டினார். மரக்கூடு, பழுப்பேறிய துணி முகப்பு, கண்ணாடி டயலில் ஊர்ப்பெயர்கள். குமிழைத் திருகினால் உடனே பேசாது. முதலில் டயலுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரியும். அப்புறம் வால்வு சூடேறச் சூடேற, தூசி காயும் வாசனை வரும். அரை நிமிஷம் கழித்து அடிவயிற்றிலிருந்து வருவது மாதிரி ஒரு ஓசை எழும். 9,000 ரூபாய் கொடுத்ததாகச் சொன்னார். அதே மாடல் ரேடியோ பாதி விலைக்குக் கிடைக்கும் என்று எங்களுக்கே தெரியும்.

"ரேடியோவுக்கு இல்லப்பா. இதுக்குத்தான் குடுத்தேன்" என்று மேஜை இழுப்பறையைத் திறந்து கையகலப் புத்தகம் ஒன்றை எடுத்தார். ரேடியோ லைசென்ஸ் புத்தகம். வீட்டில் ரேடியோ வைத்திருக்க வருஷா வருஷம் தபால் ஆபீஸில் பணம் கட்டிப் பதிய வேண்டியிருந்த காலத்தது. உரிமையாளர் பெயர், தெரு, பக்கத்துக்குப் பக்கம் தபால் முத்திரை. எந்த வீட்டுக் கூடத்தில் அந்தப் பெட்டி பாடியது என்பதற்கு அது சாட்சி.

அன்றிலிருந்து இந்த விஷயம் என் மனசை விட்டுப் போகவில்லை. பழம்பொருளுக்கு நாம் கொடுக்கும் விலையில் எவ்வளவு பொருளுக்கு, எவ்வளவு அது வந்த வழிக்கு?

உலகத்தில் தமிழ்நாட்டுப் பொருளுக்குப் பெரும் பணம் கொட்டிய கதைகளைப் பார்த்தால் இது இன்னும் உறைக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்த சோழர் கால நடராஜரை, ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். 1972-ல் பழம்பொருள் சட்டம் வருவதற்கு முன்பே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று காட்டும் காகிதங்களும் கூடவே போயின. எல்லாம் பொய்க் காகிதம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே அந்தக் கோயிலுக்குப் போய், அந்த நடராஜரை அங்கேயே படம் எடுத்து வைத்திருந்தார்கள். 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அவ்வளவு பணத்தின் பொய்யை ஒரு புகைப்படம் உடைத்துவிட்டது.

பத்தூர் நடராஜர் கதையும் அப்படித்தான். 1976-ல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த சிலை, கை மாறிக் கை மாறி லண்டன் போய், 1982-ல் ஒரு கனடா நிறுவனத்திடம் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு விலை போனது. அந்தச் சிலைக்காக லண்டன் நீதிமன்றத்தில் பத்தூர்க் கோயிலே வழக்காடியது. 1991-ல் நடராஜர் ஊர் திரும்பினார். வாங்கியவருக்குப் பணமும் போயிற்று, பொருளும் போயிற்று.

இன்னொரு பக்கம், சின்னக் காசில் பெரிய வரலாறு வந்து விழுந்ததும் உண்டு. எங்கள் ஆவடி நண்பர் அடிக்கடி எடுத்துப் பேசுவது 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றி. சங்க காலக் காசுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் கோட்டுருவ மீன் கொண்ட சதுரச் செப்புக்காசு ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரை அவர் படித்துச் சொன்னது 1980களில். அதுவரை பாட்டில் மட்டும் வாழ்ந்த பாண்டியன் பெயர் உலோகத்தில் கிடைத்தது. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்துப் பொன்துகள் தேடுபவர்கள் கையில் பழங்காசுகளும் சிக்கும். சேரர் காசு, ரோமானியக் காசு என்று அங்கிருந்து வந்தவை ஏராளம். அதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எந்தப் படுகையில், எந்த ஆழத்தில் எடுத்தது என்று யாரும் குறித்து வைக்காத காசு, பாதி பேச்சை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறது.

சேர்ப்பவர்களில் நான் மனசார வணங்குவது கோட்டையூர் ரோஜா முத்தையாவை. செட்டிநாட்டுக்காரர். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். 1950 வாக்கில் பழைய அச்சுப் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தவர், 1992-ல் இறக்கும்வரை நிறுத்தவில்லை. மற்றவர்கள் சிலைக்கும் தேக்குத் தூணுக்கும் ஓடிய காலத்தில் இவர் எடுத்துப் பத்திரப்படுத்தியவை வேறு: 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்கள், நின்றுபோன பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள். காலணா, அரையணாவுக்குச் சந்தையில் விற்ற கொலைச்சிந்துப் பாட்டையும் கும்மிப் பாட்டையும் யார் நூலகத்தில் வைப்பார்கள்? இவர் வைத்தார். அந்த வகைப் பாட்டுகளை வைத்துத்தான் பிற்காலத்தில் வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று ஒரு புத்தகமே எழுத முடிந்தது.

ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். கோட்டையூர் வீட்டில் அவற்றைச் செல்லிடமிருந்தும் ராமபாணப் பூச்சியிடமிருந்தும் காப்பாற்றுவதே அவருக்குத் தினசரி வேலை. ஆய்வாளர்கள் ரயிலும் பஸ்ஸும் ஏறி அந்த ஊருக்குப் போனார்கள். எழுத்தாளர் அம்பையும் போனார்.

அவர் மறைந்தபின் தொகுப்பு சிதறியிருக்கலாம். கிலோ கணக்கில் எடைக்குப் போயிருக்கலாம். அப்படி ஆகவில்லை. 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத்தையும் விலைக்கு வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை என்பதுதான் இதில் என்னை நெகிழ வைப்பது. மூலங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும், மைக்ரோஃபிலிம் பிரதி போதும் என்று முடிவானது. மொழி அறக்கட்டளை பொறுப்பேற்க, கோட்டையூர்ப் புத்தகங்கள் எங்கள் பக்கத்துக்கு, முகப்பேர் ஜெ.ஜெ. நகருக்கு வந்து சேர்ந்தன. அம்பத்தூரிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று பெயர். எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் அதன் இயக்குநராக இருந்ததும் முகப்பேர்க் காலத்தில்தான். தொட்டால் பொடியும் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு அடியில் விரித்துப் படமெடுக்கும் வேலை அங்கே நடந்தது. பின்னால் நூலகம் தரமணிக்குப் போய்விட்டது. இன்றைக்கும் முகப்பேரில் பலருக்கு, தங்கள் பேட்டையில் அப்படியொன்று இருந்தது தெரியாது. எனக்கு அது வருத்தம்தான்.

இந்தக் கதைகளை எல்லாம் மாடி அறையில் பேசும்போது, புதிதாகச் சேர்க்க வரும் பையன்களுக்கு நண்பர் தவறாமல் சொல்வது சட்டத்தைப் பற்றி. நூறு வருஷம் தாண்டிய சிலை, ஓவியம், காசு எல்லாமே சட்டப்படி பழம்பொருள். ஏட்டுச்சுவடிக்கும் கையெழுத்துப் படிக்கும் 75 வருஷமே போதும். சிலை மாதிரியானவற்றை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். எதையும் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது 1878-ஆம் வருஷத்துச் சட்டம். "யார் வீட்டுதுன்னு கேளு தம்பி. சொல்ல மாட்டேன்னா, எவ்ளோ அழகா இருந்தாலும் வெச்சிட்டு வந்துடு" என்பார்.

போன மாதம் பூந்தமல்லி டிரங்க் ரோடு பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் நின்றேன். தராசுத் தட்டில் ஒரு கட்டு கல்யாணப் பத்திரிகைகள். மஞ்சள் பூசிய ஓரம், துருப்பிடித்த குண்டூசி, மேலே இருந்ததில் 1962 என்று தேதி. எடை போட்டு 14 ரூபாய் கேட்டார் கடைக்காரர். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டேன். எனக்கு எதற்கு அது என்று ஒரு கணம் பார்த்தார். பிறகு, குமணன்சாவடிப் பக்கம் இடிக்கிற ஒரு ஓட்டு வீடு, பரணில் இருந்தது, வீட்டுக்காரம்மா போய் ரெண்டு மாசம் ஆகுது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, கட்டின் மேல் சுற்றிய வெள்ளைத் தாளில் அவர் சொன்னதைத் தேதியோடு பென்சிலால் எழுதி வைத்தேன்.