பொறியியல் படித்தவர்களுக்கு ஓராண்டு அப்ரண்டிஸ்: சட்டம் தருவது என்ன, விட்டுவிடுவது என்ன?

பி.இ. அல்லது டிப்ளமோ முடித்தவர்கள் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, மாத உதவித்தொகையுடன் பெரும்பாலும் ஓராண்டு வேலை பழகும் ஏற்பாடு அப்ரண்டிஸ் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் ஐ.டி.ஐ. தொழிற்பிரிவுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1973இல் வந்த திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. இவர்களுக்கான பயிற்சி மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 'நாட்ஸ்' திட்டத்தில் நடக்கிறது. தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னையில் இருக்கிறது.

அரசு அறிவிப்புகளைப் படித்தால் இது ஒரு வேலைவாய்ப்பு என்றே தோன்றும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர் என்று அதன் 18ஆவது பிரிவு வரையறுக்கிறது. ஆகவே தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தமும் இல்லை, பலனும் இல்லை. எங்களுக்கு வரும் வாசகர் கடிதங்களில் தெரியும் குழப்பத்தில் பாதி, இந்த ஒரு பிரிவை அறியாததால் வருவது.

மறுபாதி, இதைக் கல்லூரிக் கால இன்பிளான்ட் ட்ரெயினிங்கோடு சேர்த்துப் பார்ப்பதால் வருகிறது. ஒரு வாரம் போய் மெஷின்களைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்கி வருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் உண்டு. பணம் நிறுவனத்திடமிருந்து மாணவருக்கு வரும். மாணவரிடமிருந்து எங்கும் போகாது.

இனி, கணக்கு. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் கட்டாயம் அப்ரண்டிஸ்களைச் சேர்க்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, மொத்த ஆள்பலத்தில் குறைந்தது 2.5 விழுக்காடு, அதிகபட்சம் 15 விழுக்காடு. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடம் என்றால் 25 பேரையாவது எடுத்தாக வேண்டும். 150 பேர் வரை எடுத்துக்கொள்ளலாம். அதே விதிகள் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோ படித்தவருக்கு 8,000 ரூபாய் என்று குறைந்தபட்ச உதவித்தொகையை நிர்ணயித்தன. நாட்ஸ் திட்டத்தில் அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. அந்த விதிகளின் கணக்கில், பட்டதாரி ஒருவருக்கு நிறுவனம் குறைந்தபட்சமாகக் கையிலிருந்து போடுவது மாதம் 4,500 ரூபாய்.

25 பேரைக்கூட எடுக்காவிட்டால்? 2014 வரை இதற்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க இடம் இருந்தது. அந்த ஆண்டின் திருத்தம் அதை நீக்கி, அபராதம் மட்டும் போதும் என்றாக்கியது. முதலில் ஒரு மாத நோட்டீஸ். பதில் திருப்தியாக இல்லையென்றால், காலியாக விட்ட ஒவ்வோர் இடத்துக்கும் முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500 ரூபாய், அதன் பிறகு மாதத்துக்கு 1,000 ரூபாய். ஓர் இடத்தை ஆண்டு முழுதும் காலியாக வைத்திருந்தால் அபராதம் 10,500 ரூபாய். அதே இடத்தில் ஒரு பட்டதாரியைச் சேர்த்தால் நிறுவனத்தின் செலவு 54,000 ரூபாய். சொல்லிக் கொடுக்கும் மூத்த ஊழியரின் நேரம் இதில் சேரவில்லை. சட்டத்தை மீறுவது, மதிப்பதைவிட ஐந்து மடங்கு மலிவு. இளைஞர்களுக்குக் கதவு திறந்துவிட்டதாகச் சொல்லும் ஒரு சட்டத்தில் இப்படி ஒரு கணக்கு இருப்பது கவலைக்குரியது.

மேல் வரம்பில் இருப்பது வேறு சிக்கல். 15 விழுக்காடு என்பது சிறிய எண்ணிக்கை இல்லை. பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுக்கும் கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம் என்று 22ஆவது பிரிவு விட்டுவிடுகிறது. அதனால் 150 பேர் வரலாம், ஓராண்டு உற்பத்தி வரிசையில் நிற்கலாம், போகலாம். அடுத்த 150 பேர் வரலாம். நல்ல நிறுவனங்கள் இந்த ஓராண்டை நீண்ட நேர்முகத் தேர்வாக எடுத்துக்கொண்டு தேறியவர்களை வைத்துக்கொள்கின்றன. மற்றவை இதைக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் வழியாகப் பார்ப்பதைத் தடுக்கச் சட்டத்தில் அதிகம் இல்லை. இருப்பது ஒரு வரி: 13ஆவது பிரிவின்படி அப்ரண்டிஸுக்கு பீஸ் ரேட் கணக்கில் பணம் தரக் கூடாது, உற்பத்தி போனஸ், இன்சென்டிவ் திட்டங்களில் அவரைச் சேர்க்கவும் கூடாது. எத்தனை எண்ணிக்கை முடித்தார் என்று அவரை அளக்கக் கூடாது என்பதே இதன் பொருள்.

பயிற்சிக்கும் வெறும் உழைப்புக்கும் உள்ள வேறுபாடு ஒரு சி.என்.சி. லேத் முன்னால் தெளிவாகத் தெரியும். ஜாப்பை மாட்டு, பொத்தானை அழுத்து, கழற்று, டிரேயில் வை. இதை இரண்டு நாளில் யாரும் பழகிவிடலாம். பயிற்சி அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. டூல் முனையை மாற்றியதும் வரும் முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். 20 மி.மீ. விட்டம் வர வேண்டிய இடத்தில் 20.04 வந்திருந்தால், அந்த 0.04 மி.மீட்டரை ஆஃப்செட்டில் கழித்துவிட்டு அடுத்த பீஸை ஓட்ட வேண்டும். பிறகு விட்டம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால், முனை தேய்கிறதா, ஜாப் சக்கில் சரியாக உட்காரவில்லையா, மெஷின் சூடேறியதால் வந்த மாற்றமா என்று யோசிக்க வேண்டும். வகுப்பில் டாலரன்ஸ் பற்றி எழுதிய பத்து மதிப்பெண் விடைக்கு அர்த்தம் விளங்குவது இங்கேதான். ஆஃப்செட் பக்கத்தைத் தொடவே விடாமல் பதினொரு மாதம் ஒரே மெஷினில் நிறுத்தப்பட்டவர், சான்றிதழில் பயிற்சி பெற்றவராகவே இருப்பார். தனக்கு டிசைன் பிடிக்குமா, தரக் கட்டுப்பாடு பிடிக்குமா, மெயின்டனன்ஸ் பிடிக்குமா என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்காது. டூல் ரூம், தரப் பிரிவு, மெயின்டனன்ஸ் என்று எத்தனை பிரிவுகளுக்கு மாற்றி அனுப்புவார்கள் என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்வது உதவித்தொகையைக் கேட்பதைவிட முக்கியம்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்ற குழப்பத்துக்கு விடை எளிது. நாட்ஸ் தளத்தில் மாணவராகப் பதிவு செய்வது ஒன்று. குறிப்பிட்ட நிறுவனத்தின் அறிவிப்புக்கு விண்ணப்பிப்பது வேறொன்று. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் போன்றவற்றின் அறிவிப்புகளில் இரண்டுக்கும் தனித்தனிக் கடைசி நாள்கள் இருக்கும். பதிவு எண் கிடைத்த பிறகே விண்ணப்பிக்க முடியும் என்பதால், கடைசி நாள் இரவில் உட்காருபவர் வாய்ப்பை இழப்பார்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. உதவித்தொகை உயர்கிறதா? 36 விழுக்காடு உயர்த்தும்படி 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரைத்தது. எப்படியானாலும், ஒருவருக்கு உரியது அவரது ஒப்பந்தத்தில் எழுதியுள்ள தொகை.

விபத்து நேர்ந்தால்? தொழிலாளி இல்லை என்று சொல்லும் அதே சட்டம், காயம்பட்டால் தொழிலாளிக்கு உரிய இழப்பீட்டைத் தரச் சொல்கிறது.

ஓவர்டைம்? அரசின் அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதியின்றிக் கூடாது.

ஏற்கெனவே ஓராண்டு வேலை அனுபவம் இருந்தால்? பெரும்பாலான அறிவிப்புகள் ஏற்பதில்லை.

இடஒதுக்கீடு? உண்டு.

ரயில்வேயில் சலுகை உண்டா? ரயில்வே பணிமனைகளில் சட்டப்படி பயிற்சி முடித்த ஆக்ட் அப்ரண்டிஸ்களுக்கு, லெவல்-1 பணியிடங்களில் 20 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. நாட்ஸில் வேறு நிறுவனத்தில் பயிற்சி பெற்ற பட்டதாரிக்கு இது பொருந்தாது.

சேர்ந்த பிறகு ஒப்பந்தம் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவாகவில்லை என்றால் ஓராண்டு முடிவில் சான்றிதழ் வராது. பதிவு, உதவித்தொகை, பயிற்சியின் தரம் ஆகியவை பற்றிய புகார்களைத் தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியத்திடம் தரலாம். எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.