கால்குலஸ் இல்லாம பிசிக்ஸ்: குற்றாலத்துல நின்னு ஒரு கணக்கு

பின்னாடி கேக்குற இரைச்சல் குற்றாலம் பேரருவி.

பிளஸ் டூல கணக்குப் பாடம் இல்லாத ப்யூர் சயின்ஸ் எடுத்தவங்க, பள்ளிக்கூடம் முடிச்சு பல வருஷம் ஆனவங்க, இவங்களுக்கெல்லாம் ஒரு தயக்கம் இருக்கு. கால்குலஸ் தெரியாம பிசிக்ஸ் எப்படிப் படிக்க? படிக்கலாம். கலிலியோ 1638-ல விழுற பொருளைப் பத்திப் புத்தகம் போட்டப்ப, கால்குலஸை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான நியூட்டன் பிறக்கவே இல்ல.

ஒரு கல்லை விடுங்க. ஒவ்வொரு செகண்டும் அதோட வேகம், செகண்டுக்குச் சுமார் 10 மீட்டர்னு சீரா கூடுது. முதல் செகண்ட்ல வேகம் 0-ல இருந்து 10. சராசரி 5, அதனால 5 மீட்டர் விழும். அடுத்த செகண்ட்ல 10-ல இருந்து 20, விழுறது 15 மீட்டர். மூணாவதுல 25. ஒண்ணு, மூணு, அஞ்சுங்கிற விகிதம். சராசரி எடுக்கத் தெரிஞ்சா போதும்.

இப்ப பேரருவி. உயரம் சுமார் 60 மீட்டர். தண்ணி ஒரே பாய்ச்சலா விழுந்தா, காத்துத் தடையை விட்டுட்டுப் பார்த்தா, மூணரை செகண்ட். கீழ வரும்போது மணிக்குச் சுமார் 125 கிலோமீட்டர் வேகம்! அதுக்கு அடியில யாராலயும் தலையைக் குடுக்க முடியாது. ஆனா நடுவுல பொங்குமாங்கடல்னு ஒரு ஆழமான பள்ளம் தண்ணியை வாங்கி, வேகத்தை முறிச்சு, அப்புறம் வழிய விடுது. நாம குளிக்கிறது அப்படி வழியிற தண்ணியில.

முறிஞ்ச வேகம் எங்க போச்சு? அதோட ஆற்றல் வெப்பமா மாறுது. ஒரு கிலோ தண்ணி 60 மீட்டர் இறங்கினா 600 ஜூல். அந்தத் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க 4200 ஜூல் வேணும். வகுத்துப் பாருங்க, முழுசும் வெப்பமானாலும் ஏழுல ஒரு பங்கு டிகிரிதான். குளிர் குறையாததுக்குக் காரணம் இந்த ஒரு வகுத்தல்ல தெரிஞ்சுடுது. எனக்கு இந்தக் கணக்கு அவ்வளவு பிடிக்கும்.

ரைஸ் பல்கலைக்கழகத்தோட ஓப்பன்ஸ்டாக்ஸ், 2012-ல 'காலேஜ் பிசிக்ஸ்' புத்தகத்தை இலவசமா வெளியிட்டாங்க. அல்ஜீப்ராவும் கொஞ்சம் திரிகோணமிதியும் போதும். ஆங்கிலம் தடுத்தா, நம்ம பதினொண்ணாம் வகுப்புத் தமிழ்வழி இயற்பியல் பாடநூலைப் பக்கத்துல வச்சுக்கோங்க. இயக்கவியல் பாடத்துல வகையீடு, அதாவது கால்குலஸ், வரும், அந்தப் பக்கங்களை இப்போதைக்குத் தாண்டிடுங்க.

ஒரு எச்சரிக்கை. கால்குலஸ் இல்லாத பாடத்துல சூத்திரங்களை மனப்பாடம் பண்ற ஆசை வரும். பண்ணாதீங்க. சராசரியில இருந்து நீங்களே வரவழைச்சுப் பாருங்க. தீர்த்துக் காட்டின கணக்கைப் படிச்சதும் புத்தகத்தை மூடிட்டு, வெத்துத் தாள்ல திரும்பப் போடுங்க. பரீட்சைத் தேதி குறிக்க ஆள் இல்லாத படிப்பு இது. அதனால தினமும் ரெண்டு கணக்குன்னு நீங்களே வச்சுக்கணும்.

இந்த வழி எங்க நிக்கும்னும் சொல்லிடறேன். முகத்துல படுற சாரலைப் பாருங்க. அந்தத் துளியோட வேகம் கூடக் கூட காத்துத் தடையும் கூடும். எடையும் தடையும் சமமான பிறகு ஒரே வேகத்துல இறங்கும். அந்தக் கடைசி வேகத்தை அல்ஜீப்ராவே சொல்லிடும். அது வரைக்கும் வேகம் ஒவ்வொரு நொடியும் எப்படி மாறுச்சுன்னு கேட்டா, அங்கதான் கால்குலஸ் வேணும். அந்தக் கேள்வி உங்களுக்கே வரும்போது அதைத் தொடுங்க.